எழும்பூரிலிருந்து ஒரு குட்டித் தீவுக்கு

எழும்பூர் ஸ்டேஷன்ல கவுன்ட்டர்ல காசை நீட்டி "கொழும்பு ஒண்ணு" அப்படின்னு டிக்கெட் வாங்கின காலம் ஒண்ணு இருந்தது மக்களே. ஜோக் இல்லை. 1914-ல் பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை வாரிக்கொண்டு போகிற வரைக்கும், ஐம்பது வருஷம் ஓடிய போட் மெயில்தான் அது. எழும்பூரில் ஏறி, அடுத்த நாள் தனுஷ்கோடியில் இறங்கி, பக்கத்திலேயே நிற்கிற நீராவிக் கப்பலில் ஏறினால் சுமார் 35 கிலோமீட்டர் கடல். அந்தப்பக்கம் தலைமன்னார். அங்கே இன்னொரு ரயில் காத்திருக்கும். மறுநாள் காலையில் கொழும்புக் கோட்டை ஸ்டேஷன். இர்வின், கோஷன் என்று அந்தக் கப்பல்களுக்கு வெள்ளைக்கார துரைகளின் பெயர். இன்னிக்கு மயிலாப்பூரிலிருந்து சோழிங்கநல்லூர் போய்ச் சேர ஆகிற எரிச்சலில் பாதிகூட அதில் இருந்திருக்காது.

இந்தப் பதிவு போட் மெயிலைப் பற்றி இல்லை. கொழும்பில் இறங்கி அப்படியே தெற்கே போகிற கடலோர ரயிலைப் பிடித்தால், காலி தாண்டி, சுமார் 140 கிலோமீட்டரில் வெலிகம என்று ஒரு ஊர் வரும். அந்த ஊர்க் கடலுக்குள் இருக்கிற ஒரு குட்டித் தீவைப் பற்றியும், அங்கே ஒரு வீட்டில் தங்கப் போன ஒரு எழுத்தாளத் தம்பதியைப் பற்றியும்தான் இந்தப் பதிவு. இடையில் நம்ம அடையாறும் வரும், தேயிலைத் தோட்டமும் வரும். பொறுமையா வாங்க.

பாறைத் தீவு

வெலிகம என்றால் சிங்களத்தில் மணல் ஊர். பிறை மாதிரி வளைந்த விரிகுடா. இந்தக் கரையோரத்தில்தான், கடலில் கம்பு நட்டு அதன்மேல் உட்கார்ந்து மீன் பிடிப்பார்களே, அந்தக் காலண்டர் படமெல்லாம் எடுப்பார்கள். சிங்களவர்களோடு, வீட்டில் தமிழ் பேசுகிற முஸ்லிம் குடும்பங்களும் தலைமுறை தலைமுறையாக இருக்கிற ஊர்.

கரையிலிருந்து கல்லெறி தூரத்தில் ஒரு பாறைத் திட்டு. மொத்தமே ரெண்டரை ஏக்கர் சொச்சம். ஊர்க்காரர்கள் வைத்த பெயர் கல்தூவ. கல் தீவு, அவ்வளவுதான். பாலம் கிடையாது. கடல் வற்றியிருக்கும்போது இடுப்பளவு தண்ணீரில் நடந்தே போகலாம். அலை ஏறிவிட்டால் காத்திருக்க வேண்டியதுதான். அதற்குத் தெற்கே என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. அண்டார்க்டிகா வரைக்கும் வெறும் தண்ணீர்.

இந்தக் கல்தூவுக்கு இப்போது உலகம் முழுக்கத் தெரிந்த பெயர் தப்ரபேன். பெயரை வைத்தது ஒரு பிரெஞ்சுக்காரர். ஆனால் அந்தப் பெயர் நம்ம வீட்டுச் சொல்தான். பழைய கிரேக்கர்கள் இலங்கையை அப்படித்தான் அழைத்தார்கள். கி.பி. 2-ஆம் நூற்றாண்டு தாலமியின் புவியியலிலும் அதே பெயர்தான். அது தம்பபண்ணி என்ற பாலிச் சொல்லின் கிரேக்க உச்சரிப்பு. தம்பபண்ணி சமஸ்கிருதத்தில் தாம்ரபர்ணி. ஆமாம், திருநெல்வேலியில் ஓடுகிற அதே தாமிரபரணிதான். நம்ம ஆற்றுப் பெயர் கிரேக்கம் போய், பிரெஞ்சுக்காரர் வாய் வழியாக ஒரு பாறைத் திட்டின் மேல் வந்து உட்கார்ந்திருக்கிறது. (நெல்லைக்காரங்க காலரைத் தூக்கி விட்டுக்கலாம்.)

டூப்ளிகேட் பிரபு

அந்தப் பிரெஞ்சுக்காரர் பெயர் மோரிஸ் தல்வாந்த். 1866-ல் பிறந்தவர். தன்னை 'கவுன்ட் டி மோனி' என்று அழைத்துக்கொண்டார். அந்தப் பிரபு பட்டம் ராஜா கொடுத்தது இல்லை, அவரே தனக்குக் கொடுத்துக்கொண்டது. அப்பா பிரான்ஸின் லெ மான் ஊரில் வங்கி நடத்தியவர். வங்கி 1889-ல் திவாலாகிவிட்டது. மகன் இங்கிலாந்துப் பக்கம் போய், 1898-ல் ஸ்ட்ராஃபர்ட் பிரபுவின் மகள் லேடி மேரி பிங்கைக் கல்யாணம் செய்துகொண்டார். டூப்ளிகேட் பிரபுவுக்கு ஒரிஜினல் பிரபு வீட்டுப் பெண். ரெண்டு குழந்தைகள் பிறந்தன. கல்யாணம் நிலைக்கவில்லை. கடன், அவரைச் சுற்றிய வதந்திகள் என்று எல்லாம் சேர்ந்து அந்தக் குடும்பம் பிரிந்தது.

1912-ல் தேயிலை வியாபாரி தாமஸ் லிப்டனின் விருந்தாளியாக அவர் இலங்கையைப் பார்த்தார். (நம்ம ஆபீஸ் பேன்ட்ரியில் தொங்குகிற மஞ்சள் டீ பேக் லிப்டன்தான்.) முதல் உலகப்போர் முடிந்தபிறகு திரும்பி வந்து அங்கேயே தங்கிவிட்டார். 1920-களின் நடுவில் வெலிகமக் கரையில் நின்றபோது இந்தத் திட்டு கண்ணில் பட்டது. மகன் பெயரில் வாங்கினார். விலை 250 ரூபாய் என்று சொல்வார்கள். யாருக்கும் வேண்டாத பாறைக்கு அதுவே அதிகம் என்று ஊரில் சிரித்திருப்பார்கள்.

அங்கே அவர் கட்டியது எட்டுப்பட்டை வீடு. நடுவில் சுமார் முப்பது அடி உயரத்தில் குவிமாடத்தோடு ஒரு கூடம். சுற்றிலும் அறைகள். அறைகளுக்கு நடுவே அடைப்பு என்று பெரிதாக இல்லை. பல இடங்களில் திரைச்சீலைதான் கதவு. எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல் தெரியணும், காற்று குறுக்கே வரணும், இதுதான் கணக்கு. சுற்றிலும் படி வைத்து, மாடம் வைத்து, தோட்டம் போட்டார். உள்ளூர்த் தச்சர்களை வைத்து மரச்சாமான் பட்டறையும் நடத்தினார். 1937-ல் அந்தத் தோட்டத்தைப் பற்றி 'தி கார்டன்ஸ் ஆஃப் தப்ரபேன்' என்று ஒரு புத்தகம் எழுதினார். தப்ரபேனின் தோட்டங்கள். இந்தத் 'தோட்டம்' என்ற சொல்லை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி வேணும்.

லேடி மேரி இங்கிலாந்திலேயே இருந்துவிட்டார். ஆக, இந்தத் தீவு கட்டப்பட்டதே ஒரு கல்யாணம் உடைந்த இடத்திலிருந்துதான்.

இவர் முடிவு இன்னும் விசித்திரம். 1941 நவம்பரில், தீவின் இந்தத் தெற்கு முனையிலிருந்து அந்த வடக்கு முனைக்குப் போனபோது, யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் நாவற்குழியில் ஒரு தோட்டத்தில் விருந்தாளியாக இருந்த இடத்தில் மாரடைப்பு. யாழ்ப்பாணத்து மண்ணிலேயே அடக்கம். அடுத்த வருஷம் தப்ரபேன் ஏலத்துக்கு வந்தது.

நடுவில் கொஞ்சம் அடையாறு

"தண்ணிக்கு நடுவுல வீடு கட்டுற வெள்ளைக்காரப் பைத்தியம்" என்று சிரிக்கிறதுக்கு முன்னாடி, நம்ம பேட்டையைக் கொஞ்சம் பாருங்க. கிரீன்வேஸ் ரோட்டில் இசைக்கல்லூரி இருக்கிற 'தென்றல்' கட்டடம் பழைய பிராடி காசில். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜேம்ஸ் பிராடி 1790-களின் கடைசியில் அடையாற்றுக் கரையில் கோட்டை மாதிரி கட்டிக்கொண்டது. கட்டிய சில வருஷத்திலேயே அதே அடையாற்றில் படகு கவிழ்ந்து செத்துப்போனார் மனுஷர். தினமும் பால்கனியில் நின்று ரசித்த ஆறுதான் அது.

ஆற்றுக்கு அந்தப்பக்கம் ஹடில்ஸ்டன் தோட்டம். 1882-ல் கர்னல் ஆல்காட்டும் பிளவாட்ஸ்கி அம்மையாரும் தியாசஃபிகல் சொசைட்டிக்காக வாங்கினார்கள். அவ்வளவு பெரிய இடம் எப்படி சல்லிசாகக் கிடைத்தது என்பதற்கு ஆல்காட்டே காரணம் எழுதியிருக்கிறார். நீலகிரி அடிவாரம் வரைக்கும் ரயில் வந்துவிட்டது. பெரிய அதிகாரிகள் பாதி வருஷம் ஊட்டிக்குப் போய்விடுகிறார்கள். மெட்ராஸ் பங்களாக்களை வாங்க ஆள் இல்லை. அவ்வளவுதான் விஷயம். ஒரு ரயில் பாதை வந்தால் எங்கேயோ தள்ளி ரியல் எஸ்டேட் படுத்துவிடுகிறது. ஓ.எம்.ஆர் பார்த்த நமக்கு இது தலைகீழாகப் புரியும்.

சொர்க்கம் என்று ஒருத்தர் கட்டுகிற இடம் எல்லாவற்றுக்கும் பின்னால் இந்த மாதிரி ஒரு கணக்கு இருக்கும். யாருக்கோ வேண்டாமல் போன நிலம், யாரோ போட்ட பாதை, யாரோ சுமந்த கல். தப்ரபேனும் அப்படித்தான்.

ஒரு போட்டோ ஆல்பம்

இப்ப நம்ம கதாநாயகனுக்கு வருவோம். பால் போல்ஸ், அமெரிக்கர், 1910-ல் நியூயார்க்கில் பிறந்தவர். முதலில் இசையமைப்பாளர். 1947-லிருந்து மொராக்கோவின் டான்ஜியர் நகரில் குடியிருந்தார். 1949-ல் வெளிவந்த 'தி ஷெல்டரிங் ஸ்கை' நாவலால் பெயர் வாங்கினார் (1990-ல் பெர்டோலுச்சி படமாக எடுத்தது அதைத்தான்). மனைவி ஜேன் போல்ஸ். அவரும் எழுத்தாளர், சிலர் கணக்கில் புருஷனைவிடப் பெரிய எழுத்தாளர். 1938-ல் கல்யாணம். 1943-ல் ஜேனின் ஒரே நாவல் 'டூ சீரியஸ் லேடீஸ்' வந்தது. 1953 கடைசியில் அவருடைய நாடகம் பிராட்வேயில் மேடையேறியது.

1949-ல் இங்கிலாந்தில் நண்பர் டேவிட் ஹெர்பர்ட் வீட்டில் போல்ஸ் ஒரு போட்டோ ஆல்பத்தைப் புரட்டினார். அதில் ஹெர்பர்ட் குடும்பம் முன்பு போய் வந்த இந்தத் தீவின் படங்கள் இருந்தன. அவ்வளவுதான், பித்துப் பிடித்துவிட்டது. அந்த வருஷக் கடைசியிலேயே கப்பல் ஏறி இலங்கைக்கு வந்தார். பிளேன் என்றால் அவருக்கு ஆகாது. கப்பலில்தான் போவார், பெட்டி பெட்டியாகச் சாமான்களோடு. தேயிலைத் தோட்ட துரைமார் பங்களாக்களில் தங்கினார். வெலிகமத் தீவைக் கண்ணால் பார்த்தார். 1952-ல் அது விலைக்கு வந்ததும் வாங்கிவிட்டார். சுமார் 5000 டாலர். அன்றைய மாற்று விகிதத்தில் 24,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு.

அதே 1952-ல் நம்ம பக்கமும் வந்திருக்கிறார். கன்னியாகுமரியில் தங்கி எழுதிய கட்டுரைக்கு அவர் வைத்த பெயர் 'நோட்ஸ் மெயில்டு அட் நாகர்கோவில்'. நாகர்கோவில் அப்போது திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் இருந்தது, 1956 நவம்பர் 1-ல்தான் நம்மோடு சேர்ந்தது. குமரி முனையில் நின்று தெற்கே பார்த்தவர், அதைவிடத் தெற்கே ஒரு தீவு வாங்கிவிட்டார்.

அவருக்குச் சொர்க்கம், அவங்களுக்கு?

1954 டிசம்பர் கடைசி. போல்ஸ், ஜேன், மொராக்கோ ஓவியர் அகமத் யாக்கூபி, டிரைவர் தெம்சமானி, நாலு பேரும் கப்பலில் வந்து தீவில் இறங்கினார்கள். புருஷனுக்கு இது கனவு வீடு. பொண்டாட்டிக்கு இதுதான் முதல் தரிசனம்.

வீடு அழகுதான், சந்தேகமே இல்லை. ஆனால் கரன்ட் கிடையாது, எண்ணெய் விளக்குதான். நல்ல தண்ணீர் கிடையாது. ஒவ்வொரு குடமும் கரையிலிருந்து வேலைக்காரர் தலையில் ஏறி, கடலுக்குள் நடந்து வரணும். அந்தக் காலத்தில் விருந்தாளியாக வந்த கலைச் சேகரிப்பாளர் பெக்கி குகன்ஹைம், பாவாடையை இடுப்பு வரைக்கும் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடலில் நடந்து போன கதையைத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ராத்திரியானால் கதவுக்குப் பதில் திரைச்சீலை, சுற்றிலும் அலைச் சத்தம். எல்லாவற்றுக்கும் மேலே வௌவால். சின்னது இல்லைங்க, பழந்தின்னி வௌவால், இறக்கையை விரித்தால் மூணடி இருக்கும். சாயங்காலம் ஆனதும் கூட்டம் கூட்டமாகத் தீவு மரங்களுக்கு வரும்.

போல்ஸுக்கு இதெல்லாம் அமிர்தம். காலையில் எழுந்து எழுதுவார், நீந்துவார், திரும்ப எழுதுவார். மொராக்கோவின் ஃபெஸ் நகரத்தை வைத்து எழுதிக்கொண்டிருந்த 'தி ஸ்பைடர்ஸ் ஹவுஸ்' நாவலை 1955 மார்ச்சில் இந்தத் தீவில்தான் முடித்தார். நம்ம ஊர் வொர்க் ஃப்ரம் ஹோம் கோஷ்டிக்கெல்லாம் இவர்தான் முன்னோடி. பாஸ் இல்லை, மீட்டிங் இல்லை, சிக்னலும் இல்லை.

ஜேனால் ஒரு பக்கம்கூட ஒழுங்காக எழுத முடியவில்லை. எட்கர் ஆலன் போவின் பேய்க்கதைக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி உணர்ந்திருக்கிறார். வெக்கை, வௌவால், தனிமை, குடி. ஏற்கெனவே எழுத்து வராமல் திண்டாடிக்கொண்டிருந்த மனுஷிக்கு, யாரும் வராத, நினைத்த நேரத்தில் வெளியே போக முடியாத ஒரு இடம். ஊர், சந்தை, சிநேகிதிகள், அரட்டை, இதெல்லாம் இருந்தால்தான் அவருக்கு மூச்சு. ரெண்டு மாசச் சொச்சம் தாக்குப்பிடித்தார். பிறகு தெம்சமானியோடு கப்பல் ஏறி டான்ஜியர் திரும்பிவிட்டார். தீவுப் பக்கம் மறுபடி வரவே இல்லை.

இதைப் படிக்கிறவர்கள் ரெண்டு கட்சி ஆவார்கள். "கிடைச்ச சொர்க்கத்தை அனுபவிக்கத் தெரியாத பொம்பளை" என்பது ஒரு கட்சி. பழைய பயணக் கட்டுரைகளில் பாதி இந்தத் தொனிதான். நான் அந்தக் கட்சி இல்லை. அந்த வீட்டைத் தேர்ந்தெடுத்தது யார்? ஆல்பம் பார்த்தது அவர், பித்துப் பிடித்தது அவர், வாங்கியது அவர். ஜேன் வந்து சேர்ந்தபோது எல்லா முடிவும் முடிந்திருந்தது. புருஷனுக்குப் புது புராஜெக்ட் என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு, தெரியாத ஊரில், பனி கொட்டுகிற ஒரு அபார்ட்மென்டில் உட்கார்ந்திருக்கிற நம்ம ஆன்சைட் மனைவிமார் பலருக்கு ஜேனின் கதை அத்தனை அந்நியமாக இருக்காது. ஊருக்கு போன் பண்ணினால் "உனக்கென்னடி, ராணி மாதிரி இருக்கே" என்பார்கள். வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்குத் தீவு, உள்ளே இருக்கிறவர்களுக்கு அது நாலு பக்கமும் தண்ணீர்.

ஜேனுக்கு 1957-ல், நாற்பது வயதில், பக்கவாதம் வந்தது. அதன்பிறகு பெரிதாக எதுவும் எழுத முடியவில்லை. 1973-ல் ஸ்பெயினில் மலாகாவில் இறந்தார். போல்ஸ் 1999 வரைக்கும் டான்ஜியரிலேயே இருந்தார்.

அந்தப் புத்தகத்தில் இல்லாத தோட்டம்

இப்ப அந்தச் சொல்லுக்கு வருவோம். தோட்டம்.

ஆங்கிலத்தில் கார்டன் வேறு, எஸ்டேட் வேறு. தமிழில் ரெண்டுக்கும் 'தோட்டம்'தான். பூச்செடி வைத்தாலும் தோட்டம், மலையையே மொட்டையடித்துத் தேயிலை வைத்தாலும் தோட்டம். டி மோனி தன் தோட்டத்தைப் பற்றிப் புத்தகம் எழுதிய அதே 1930-களில், புதுமைப்பித்தன் 'துன்பக் கேணி' எழுதினார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்ச் சீரழிகிற ஜனங்களின் கதை. தாமிரபரணிக் கரை ஆள் எழுதிய ஒரு தோட்டம், தாமிரபரணியின் பெயரை ஒரு பாறைக்கு வைத்த ஆள் எழுதிய இன்னொரு தோட்டம். ஒரே தேசம், ஒரே பத்து வருஷம். ரெண்டு ஆசிரியர்களும் ஒருத்தரை ஒருத்தர் கேள்விப்பட்டிருக்கக்கூட மாட்டார்கள்.

லிப்டனைப் பணக்காரர் ஆக்கியது இரண்டாவது தோட்டம்தான். லிப்டன் கூப்பிட்டதால்தான் டி மோனி வந்தார். தோட்டத்து துரைமார் பங்களாக்கள் இருந்ததால்தான் போல்ஸ் 1950-ல் ஊர் சுற்ற முடிந்தது. சொர்க்கத்துக்கு ரோடு போட்டவர்கள் யார் என்று பார்த்தால் அங்கே கொண்டுபோய் விடுகிறது.

வருஷங்களை வரிசையாக வைத்துப் பாருங்க. இலங்கைக்கு 1948 பிப்ரவரி 4-ல் சுதந்திரம். அதே வருஷக் கடைசியில் குடியுரிமைச் சட்டம். தலைமுறைக் கணக்கில் தேயிலை பறித்துக்கொண்டிருந்த மலையகத் தமிழர்களில் லட்சக்கணக்கானவர்கள், ஒரே சட்டத்தில் எந்த நாட்டுக்காரரும் இல்லை என்று ஆனார்கள். அடுத்த வருஷம் ஓட்டுரிமையும் போனது. மூணு வருஷம் கழித்து, 1952-ல், டான்ஜியரில் குடியிருக்கிற ஒரு அமெரிக்கர் அதே நாட்டில் ஒரு முழுத் தீவை விலைக்கு வாங்குகிறார். யாரும் அவரிடம் உன் பாட்டன் எங்கே பிறந்தான் என்று கேட்கவில்லை.

போல்ஸ் கெட்டவர் என்று சொல்ல வரலை. காசு கொடுத்தார், வாங்கினார், எழுதினார். ஆனால் காசு இருந்தால் தீவு, காசு இல்லாமல் நூறு வருஷம் உழைத்திருந்தால் 'நாடற்றவர்' என்கிற இந்தக் கணக்கு எனக்கு எந்தப் பக்கம் கூட்டினாலும் டேலி ஆகவில்லை.

போட் மெயிலும் அப்படித்தான். எனக்கு அது ரொமான்டிக்காகத் தெரிகிறது. ஆனால் முதல் வகுப்புக்காரர் கோஷன் கப்பலின் டெக்கில் காற்று வாங்கிக்கொண்டு போன அதே பாதையில், கூலிக்குப் போகிறவர்கள் மண்டபம் கேம்பில் இறங்கணும். இலங்கை அரசாங்கம் இந்திய மண்ணில் நடத்திய கேம்ப் அது. உடம்பைச் சோதித்து, அடைத்து வைத்து, நோய் இல்லை என்று உறுதியான பிறகுதான் அனுப்புவார்கள்.

1956 ஜூனில் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. அதே வருஷம் போல்ஸ் தீவை விற்றுவிட்டார். அடுத்த வருஷம் அமெரிக்காவின் 'ஹாலிடே' பத்திரிகையில் அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பைத் தமிழில் சொன்னால், 'பகுதிநேரத் தீவில் வாழ்வது எப்படி'. பகுதிநேரம் என்ற சொல் சரியான சொல். வேண்டும்போது வரலாம், வேண்டாம் என்றால் விற்றுவிட்டுப் போகலாம். அங்கேயே முழுநேரமும் இருந்தவர்களுக்கு அந்த வசதி கிடையாது.

1964 அக்டோபரில் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம். ஒன்பதே முக்கால் லட்சம் பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆபீஸில் எக்செல் ஷீட்டில் ரிசோர்ஸ் பிரிக்கிற மாதிரி ஜனங்களைப் பிரித்தார்கள். ரெண்டே மாசத்தில் புயல் வந்து தனுஷ்கோடி போனது. பிறகு ராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் நடுவே கப்பல் ஓடியது. திரும்பி வந்தவர்கள் பார்த்தே இல்லாத 'சொந்த ஊரில்' வந்து இறங்கினார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கியது. இன்னிக்கு நாம வாங்குகிற டான்டீ அதுதான். அடிவாரத்துக்கு ரயில் வந்து அடையாறு பங்களா விலை விழுந்த கதையில் வந்த அதே நீலகிரி. சுற்றிச் சுற்றி ஒரே வட்டம்.

அப்புறம் தீவு என்ன ஆச்சு?

போல்ஸுக்குப் பிறகு கை மாறிக் கை மாறி, கடைசியில் ஜெஃப்ரி டாப்ஸ் என்கிற ஹோட்டல்காரர் கைக்கு வந்தது. 2007-ல் காலி இலக்கிய விழாவைத் தொடங்கியவரும் இவர்தான். இப்போது அது முழுத் தீவையும் வாடகைக்கு விடுகிற சொகுசு பங்களா. கரன்ட் இருக்கிறது, சமையல்காரர் இருக்கிறார், நீச்சல் குளம்கூட இருக்கிறது, கடலுக்கு நடுவில்! பாலம் மட்டும் இன்னும் இல்லை. ஒரு ராத்திரி வாடகையைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கத்தை மரியாதையாக மூடினேன்.

2004 டிசம்பர் 26 காலை ஜெஃப்ரியும் அவர் அண்ணன் தம்பியில் ஒருவரான மைக்கேல் டாப்ஸும் அங்கே இருந்தார்கள். மைக்கேல் 'வாஷிங்டன் போஸ்ட்' நிருபர். தீவைச் சுற்றி நீந்திக்கொண்டிருந்தபோதே கடல் விறுவிறுவென்று ஏறியிருக்கிறது. ஒரு படகைப் பிடித்துக்கொண்டு தப்பித்து, பிறகு தன் பத்திரிகைக்கு எழுதினார். சுனாமியைக் கடலுக்குள் இருந்து பார்த்து எழுதிய நிருபர்கள் ரொம்பக் கொஞ்சம். தீவு பாறை மேல் நின்றதால் வீடு தப்பியது. எதிரே தாழ்ந்த கரையில் இருந்த வெலிகம ஜனங்களின் வீடுகளுக்கு அந்தப் பாறை இல்லை.

அதே காலையில் பட்டினப்பாக்கத்திலும் பெசன்ட் நகர் குப்பத்திலும் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். ஆற்றுக் கரை பங்களாக்கள் உயர்ந்த மேட்டில் இருந்தன. குப்பம் மணலில் இருந்தது. இங்கேயும் அங்கேயும் தண்ணீர் ஒரே கணக்கைத்தான் போட்டது.

தப்ரபேன் பற்றித் தேடினால் கிடைக்கிறதெல்லாம் பிரபு, எழுத்தாளர், நடிகர், கோடீஸ்வரர் பெயர்கள்தான். தலையில் குடத்தோடு ஒரு நாளைக்கு இத்தனை தடவை கடலைக் கடந்த அந்த வேலைக்காரர்களின் பெயர் என் கையில் சிக்கவில்லை. அந்த எட்டுப்பட்டை வீட்டில் ஒரு கவுன்ட்டும் ஒரு நாவலும் வாழ முடிந்ததற்கு அவர்கள் கொண்டுவந்த தண்ணீர்தான் காரணம். ஒருநாள் அவர்கள் வராமல் இருந்திருந்தால் மறுநாளே போல்ஸும் பெட்டியைக் கட்டியிருப்பார். ஜேனுக்கு முன்னாடியே.

கொசுறு: உங்க வீட்டுப் பெரியவங்க யாராவது போட் மெயில்ல அந்தப்பக்கம் போயிருந்தாலோ, அங்கிருந்து கப்பல்ல இந்தப்பக்கம் வந்து இறங்கியிருந்தாலோ, உடனே உட்காரவச்சுக் கேட்டு எழுதிடுங்க. எந்த வகுப்பு டிக்கெட், மண்டபத்தில் எத்தனை நாள், பெட்டியில் என்ன கொண்டு வந்தாங்க, எல்லாம். கவுன்ட்டுக்குப் புத்தகம் இருக்கு, போல்ஸுக்குப் பத்திரிகை இருக்கு. இவங்களுக்கு நாமதான் இருக்கோம்.